மீன்பெட்டி ஒட்டிய சினிமா அறை

சேசு மரி சூசை துணை

தச்சநல்லூர்,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகன் பெனிட்டோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் ஸ்டெஃபியும் குட்டி ரெனிஷாவும் அந்தக் கனடாக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதியாகிவிட்டது, ஆனால் உன் அப்பாவின் இரண்டு காதையும் அந்தச் சுகத்தில் சேர்த்துக்கொள்ளாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குத் தபால் ஆபீசுக்கு நடக்கிறாள் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எழுதி அனுப்பினால் என் போனை எடுத்து எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறார், கண் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே பொறுமையாக வாசி. பாதியில் நிறுத்திவிட்டு உடனே கூப்பிட்டு என்னம்மா என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடாதே, கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு அப்புறம் போனைத் தொடு.

போன ஈஸ்டருக்கு நீ கூப்பிட்டபோது அவர் மாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் ஒன்று கேட்டாய். "நான் இங்கன வீடு வாங்குனதுல அப்பாவுக்குக் கோவமாம்மா, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டுக்காரே" என்றாய். எனக்கும் அப்போது சரியாகத் தெரியாததால் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தேன். கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. நீ பேசுவது அவர் காதில் விழவில்லை. தூத்துக்குடியில் விசைப்படகு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டே வாழ்நாளைக் கழித்த மெக்கானிக்குக் காது போனதில் எனக்கு வியப்பில்லை, அதை ஒத்துக்கொள்ளாததில்தான் என் ரத்தம் கொதிக்கிறது. அவர் கணக்குப்படி அவர் காது பழுதில்லாமல் இருக்கிறது, உலகத்தில் மற்ற எல்லாரும்தான் திடீரென்று வாய்க்குள் பேச ஆரம்பித்துவிட்டோம். "கனடா போனதுல இருந்து அவன் வாய்க்குள்ளயே பேசுதான்" என்று உன்னைச் சொல்கிறார். பங்குச் சாமியார் பிரசங்கத்தை மென்று முழுங்குகிறாராம். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறாம். எல்லாவற்றுக்கும் மேலாக நான் முணுமுணுக்கிறேனாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியும் வாய்க்கு முன்னால் மைக்கும் மாட்டிக்கொண்டு நாகர்கோவிலில் இருந்து பம்பாய் வரைக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். மழைக்காலத்தில் கரகரவென்று இரைகிற லைனில்கூட ஆபரேட்டர் விக்டோரியா பேசினால் புரியும் என்று மேலதிகாரி வாயால் சொல்லிக் கேட்ட குரல் இது. அதை முணுமுணுப்பு என்று சொன்ன ஒரே மனிதர் நான் கட்டிக்கொண்டவர்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கும் போகிறாரே. ஜூன் மாதம் மெயின் ரோட்டில் ஒரு பஸ் இவருக்குப் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது, இவர் நடு ரோட்டில் ஊர்வலம் போகிறவர் மாதிரி போயிருக்கிறார், கடைசியில் டிரைவர் உரசிக்கொண்டு வந்து நிறுத்தி இறங்கி ஏசியிருக்கிறான். வீட்டுக்கு வந்து இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலசரக்குக் கடை நேசையா பார்த்திருக்கிறார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்து கேட்டால் "அவன் ஹாரனே அடிக்கல, சும்மா வந்து ஏசுதான்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது பெனிட்டோ. இந்தக் கடிதத்தில் நான் என்ன கேலி பேசினாலும் அடியில் இருப்பது அந்தப் பயம்தான் என்று வைத்துக்கொண்டு வாசி.

இந்த லட்சணத்தில்தான் நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஐந்து ஸ்பீக்கரும் அரிசி மூட்டை அளவுக்கு ஒரு டும் டும் பெட்டியும் வாங்கி மாட்டிவிட்டுப் போனாய். அப்பா இனி வீட்டிலேயே தியேட்டர் மாதிரி படம் பார்க்கட்டும் என்றாய். ஏற்கெனவே டிவியின் சத்தத்தை மொத்தமாக ஏற்றி வைத்துக்கொண்டிருந்த மனிதர் கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லையா. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அங்கே இப்போது விஜயஸ்ரீ என்று ஒரு பெண் குடியிருக்கிறாள், முக்கூடல்காரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்கிடாதீங்க, கிளாஸ்ல பிள்ளைங்க எல்லாம் ஒங்க வீட்டுல யாரு சண்டை போடுதாங்கன்னு கேக்குதுங்க" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சத்தத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பாளையங்கோட்டைக்குப் போய்க் காது டாக்டரைப் பாருங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். உன் அப்பா எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஒத்தைக் கல்லு செவரு. வீட்டக் கட்டுனவன் ஏமாத்திட்டான். பழுது செவத்துல இருக்கு, நீ காதுலன்னு சொல்லுத" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது இந்தக் கூத்து. உன் அறையைக் காலி பண்ணி அதைச் சத்தம் வெளியே போகாத சினிமா அறையாக மாற்றப் போகிறேன், அதையும் அதிகச் செலவில்லாமல் செய்யப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னார். அந்த இடத்தில் நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீயோ வெள்ளைக்காரர்கள் தங்கள் மரவீட்டில் சுவருக்குச் சுவர் பலகை அடிக்கிற வீடியோவாக அனுப்பித் தள்ளினாய். அவர்கள் ஊர்ச் சுவர் வேறு, நம் ஊர் செங்கல் வேறு, அவர்களுக்கு அறையை மூடினால் கதகதப்பு, நமக்கு அவியல். அதைவிடக் கொடுமை, உன் அப்பா அதில் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார், அது ஆங்கிலமா சீனமா என்று கேட்டால்கூடச் சொல்லியிருக்க மாட்டார். நீ ஆர்டர் போட்டு அனுப்பிய கறுப்பு ஸ்பான்ஜும் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பார்த்தால் ஆட்டுக்குட்டி இருக்கும் போல இருந்தது, உள்ளே பாத்திரம் தேய்க்கிற அளவில் கொஞ்சம் துண்டு. நாலு சுவரில் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

அடுத்து ஆலோசகர் வந்து இறங்கினார். சாத்தான்குளம் அப்பாத்துரையை உனக்கு ஞாபகம் இருக்கும், மைக் செட் அப்பாத்துரை. வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கல்யாணம் காதுகுத்து சாவு எதையும் விட்டுவைக்காமல் ஜனங்களின் காதைக் கிழித்தவர். அவர்தான் சத்தத்தை அடைக்க வழி சொல்ல வந்த நிபுணர். "அண்ணாச்சி, முட்டை அட்டையை ஒட்டுங்க. சத்தம் குழிக்குள்ள விழுந்துரும், ஏற முடியாது" என்றார். உன் அப்பாவும் தலையை ஆட்டினார். எத்தனை பரோட்டாக் கடை உண்டோ அத்தனை கடையிலும் போய் அட்டை கேட்டு வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினார்கள். ஒட்டி முடித்ததும் என்ன ஆயிற்று என்றால், அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான், வெளியே போகிற சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. கரப்பான் பூச்சிக்குத்தான் நல்ல வீடு கிடைத்தது. இதைச் சொன்னால் அப்பாத்துரை, அட்டை பழசு, முட்டை சின்ன முட்டையாக இருந்திருக்கும் என்கிறார். ஒரு மனிதர் கூச்சமில்லாமல் இப்படியும் பேச முடியுமா.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உன் அப்பா கடற்கரையில் பிறந்த மூளையைக் கொஞ்சம் பயன்படுத்திப் பார்த்தார். மீனை ஐஸ் போட்டு லாரியில் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி இருக்கிறதே, அது. "ஐஸையே வெளிய விடாத சாமான், சத்தத்த விட்டுருமா" என்றார். விரல் நுனியில் தூக்கிவிடுகிற பொருள் அந்த டும் டும் பெட்டியை எப்படித் தடுக்கும் என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை, விழுந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். துறைமுகத்துப் பழைய கூட்டாளியிடம் சொல்லி ஒரு குட்டியானை வண்டி நிறைய உடைந்த மீன்பெட்டி வந்து நம் வாசலில் இறங்கியது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது, வீட்டில் மீன் வியாபாரம் ஆரம்பிக்கிறீர்களா என்று ஒருத்தி கேட்டாள். மொட்டை மாடியில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவினார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், சாம்பிராணி காட்டினார். பிறகு வாளால் அறுத்துப் பலகை பலகையாக முட்டை அட்டைக்கு மேலேயே ஒட்டினார். மேலே கூரைக்கும் பலகை அடித்து அதையே ஒட்டியதில் உயரம் குறைந்து ஃபேனைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஃபேன் இல்லாத அறையில் மத்தியான வெயிலில் அந்தச் சுவர்கள் விடுகிற சாளை மீன் வாசனையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. தெருப் பூனைகள் உன் ஜன்னலுக்குக் கீழே வந்து கூட்டம் போட ஆரம்பித்தன.

பிறகு பெரிய பரிசோதனை. இதைத்தான் நீ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு சண்டைப் படத்தைப் போட்டு, சத்தத்தை இதற்கு மேல் இல்லை என்கிற அளவுக்கு ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, விஜயஸ்ரீ வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் வீட்டுச் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜின் பார்க்கிற மாதிரி நின்றார். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டிருந்தன. எனக்குப் பல் கூசியது. அவர் கண்ணைத் திறந்து "சுத்தம். ஒரு பொட்டுச் சத்தம் இல்ல" என்றார். விஜயஸ்ரீ என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசி வளராத பிள்ளை, "ஆமா அங்கிள், நல்லாக் கொறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள். பரிசோதனை வெற்றி என்று அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்து வந்தார், அப்பாத்துரைக்குப் போன் போட்டுச் சொன்னார், சொன்னார் என்ன, கத்தினார். செவிடரே தன் வேலைக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்ட கதையை இதற்கு முன் எங்கேயாவது கேட்டிருக்கிறாயா. அடுத்த வாரம் விஜயஸ்ரீ கொல்லைப்பக்கம் வந்து என்னிடம் அழுதாள். வேறு வீடு பார்க்கச் சொல்லி அவள் புருஷன் நச்சரிக்கிறாராம். அன்றைக்கு நான் அந்த டும் டும் பெட்டியின் வயரைப் பின்னாலிருந்து உருவி வைத்துவிட்டேன். அது ஓடவில்லை என்பது இன்று வரைக்கும் உன் அப்பாவுக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஒரு நாள் காற்றோடு மழை அடித்து உன் அறை ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கி இரண்டு மீன்பெட்டிப் பலகை பெயர்ந்து விழுந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், இனி எல்லாவற்றையும் உரித்துப் போடுவார் என்று. அவர் அந்த ஈரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு "தண்ணி வாற வழியிலதான சத்தமும் போவும்" என்றார். அதிலிருந்து அந்த அறையை அறையாகப் பார்க்கவில்லை, ஓட்டை விழுந்த படகாகத்தான் பார்த்தார். படகுப் பலகை இடுக்கில் பஞ்சை எண்ணெய்ப் பிசினில் தோய்த்து உளியால் இடித்து ஏற்றுவார்களே, அதே மாதிரி ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, வயர் வருகிற ஓட்டையில், நிலைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு மயிரிழை விடாமல் ஏற்றினார். வெண்டிலேட்டரைச் செங்கல் வைத்துப் பூசினார். கதவின் விளிம்பில் லாரி டியூப் ரப்பர், கதவுக்கு மேல் படகிலிருந்து உடைத்து எடுத்த கனத்த பிளைவுட் ஒன்று, இப்போது அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரோரம் பழைய பீரோவைத் துணியோடு நகர்த்தி வைத்தார். இரண்டு நாள் கழித்து விஜயஸ்ரீ வந்து "நீங்க ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றாள். நான் உன் அப்பாவிடம் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை நாள் என் வீட்டை மீன் ஏலம் போடுகிற இடமாக்கியவருக்கு எதற்குப் பாராட்டு. அடைத்ததெல்லாம் சரி, காதுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்டேன்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாக வாசி. அக்டோபர் மாதாவுக்குரிய மாதம், சாயங்காலம் ஹாலில் முழங்காலில் நின்று செபமாலை சொல்கிறோம், நான் முதல் பாதி சொல்வேன், அவர் மறுபாதி சொல்வார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு வருடமாக நான் முடிப்பதற்குள்ளேயே அவர் ஆரம்பித்துவிடுவார், இல்லாவிட்டால் நான் முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாப்பாட்டு நினைப்பு என்று ஏசுவேன். இந்தத் தடவை தசராவுக்குத் தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், ஹாலில் நின்றால் நம் செபம் நமக்கே கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்த மீன்பெட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். வேர்த்துக் கொட்டியது. எனக்கு அன்றைக்கு ஜலதோஷம், தொண்டை கட்டி வழக்கத்தைவிடப் பாதிச் சத்தத்தில்தான் சொன்னேன். அவர் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. நான் முடித்த இடத்தில் எடுத்தார், ஒவ்வொன்றும். செபமாலையின் ஐந்து பத்தில் மூன்றாவது முடிந்ததும் நிறுத்திவிட்டு "ஏட்டி, இத்தன நாளும் எங்க வச்சிருந்த இந்தக் குரல. இப்பிடி வாயத் தொறந்து சொன்னா என்ன" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஏசினேன், என் தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்குத்தான் நான் நிஜமாகவே முணுமுணுக்கிறேன், இது உங்களுக்குக் கேட்கிறதா என்றேன். அவர் மீதி இரண்டு பத்தையும் என் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உன் அப்பா வேலை செய்வதை நீ பார்த்திருக்கிறாய். இன்ஜின் ஓடவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட மாட்டார், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார், அது இல்லை என்றால் அடுத்தது. மறுநாள் காலையில், குழாய்ச் சத்தம் இல்லாத நேரத்தில், என்னை ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்லு, நேத்து சொன்ன அதே சத்தத்துல சொல்லு என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து "சொல்லு" என்றார். நான் சொல்லி முடித்திருந்தேன். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் அதே போலத் திரும்பி நின்றார், கேட்டது. மறுபடியும் ஹாலுக்கு வந்தார், ஃபேன் ஓடியது, ரோட்டில் ஆட்டோ போனது, என் குரல் அதற்குள் மூழ்கிவிட்டது போலிருக்கிறது, கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவருக்கு என்மேல் ஒரு சந்தேகம் பாக்கி இருந்திருக்கிறது பார், விஜயஸ்ரீயைக் கூப்பிட்டு அவர் நின்ற இடத்திலேயே நிற்க வைத்தார். நான் சொன்னேன். "தெளிவாக் கேக்குது அங்கிள்" என்றாள். அவர் அவளிடம் "அன்னைக்கு ஒங்க வீட்டுச் செவத்துல காத வச்சுப் பாத்தனே, அப்பம் சத்தம் இருந்துச்சா" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை. "இருந்துச்சு அங்கிள், ரொம்ப இருந்துச்சு" என்றாள்.

அவர் போய் அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் போனேன். "அப்பம் கோளாறு எங்கிட்டதான்" என்றார், பையத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாள் ஏசிக்கொண்டிருந்தவள் நான்தான், ஒத்துக்கொண்ட அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறாய் என்று கேட்டார், மீன் வாடை கண்ணில் ஏறிவிட்டது என்றேன்.

இரண்டு நாளைக்கு நல்லபடியாக இருந்தார், பிறகு பழைய குணம் தலை தூக்கிவிட்டது. காது டாக்டரிடம் இந்த மாதமே நேரம் வாங்கினேன். நவம்பர் இரண்டில் கல்லறைத் திருநாள் முடியட்டும் என்றார். அது முடிந்தால் மழை விடட்டும் என்கிறார். இப்போது நவம்பர் கடைசி வாரத்தில் போய் நிற்கிறது. காதில் மிஷின் வைத்தால் கோயிலில் எல்லாரும் பார்ப்பார்கள், முடியை நீளமாக வளர்த்து மறைத்துவிட்டு அப்புறம் வைக்கிறேன் என்று ஒரு நாள் சொன்னார். இவருக்கு எங்கே இருக்கிறது முடி. இதற்கு நடுவில் அப்பாத்துரை வேறு பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்லி ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தார், அதை நான் ரசத்துக்குத் தாளித்துவிட்டேன். டிவிஎஸ் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன், தினமும் தேடுகிறார், தினமும் எனக்குத் தெரியாது என்கிறேன். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும்.

ஆனால் ஒன்று சொன்னார், அதற்காகத்தான் இத்தனை பக்கம். "பெனிட்டோகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீ சொல்லப்பிடாது" என்றார். டாக்டர் தேதியை எத்தனை தடவையும் தள்ளுவார், என்னிடம் சொன்ன வார்த்தையை எத்தனை தடவையும் மாற்றுவார், ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து பின்வாங்க மாட்டார், மகன் முன்னால் சொன்ன சொல் என்று இருக்கும். சொன்னால் போவார். சொல்லாவிட்டால் போக மாட்டார், எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நீ கூப்பிடும்போது சொல்ல வாயெடுத்துவிட்டு மழை பெய்கிறதா என்று கேட்டுப் போனை என்னிடம் தந்துவிடுகிறார். நீ அவர் கோபத்தில் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு அங்கே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய், அப்பாவும் மகனும் நன்றாகப் பொருந்தியிருக்கிறீர்கள்.

ஆகவே இனி நீ அவசர அவசரமாகக் காரில் போய்க்கொண்டே கூப்பிடுகிற வேலை வேண்டாம். இரைச்சல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து கூப்பிடு. நான் அவரை அந்த அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுகிறேன். கத்தாதே, கத்தினால் புரியாது, நிறுத்தி நிறுத்திப் பேசு, எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். நேரடியாகச் சொல்ல மாட்டார். எந்த வருஷமோ பழுதான ஒரு படகு இன்ஜினில் இருந்து ஆரம்பிப்பார், அது யார் படகு, யார் மாமனார் படகு என்று சுற்றுவார். நீ பொறுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இரு. நடுவில் தெரியும்ப்பா, அம்மா எழுதியிருந்தாங்க என்று உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதோடு முடிந்தது, சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போய்விடுவார், பிறகு யார் சொன்னாலும் டாக்டர் பக்கம் திரும்ப மாட்டார். அவராகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது நீ முதல் தடவையாகக் கேட்கிறவனாகக் கேள்.

ஸ்டெஃபிக்கும் குழந்தைக்கும் என் முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, உனக்கும் அவர் காதுதான் வாய்த்திருக்கிறது. இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடு, வந்தது என்று போனில் சொல்லாதே, ரெனிஷாவின் படம் ஒன்றை அனுப்பு, நான் புரிந்துகொள்கிறேன். கடவுள் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக. நெற்றியில் சிலுவை போட்டு விடுகிறேன்.

எப்போதும் கீழே நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம், இந்தத் தடவை நான் மட்டும்.

அம்மா
விக்டோரியா சிலுவை